கறுப்பு வரிசைகளின் சொந்தக்காரி

"சாவி உனக்கெதுக்கு அக்கா?"

லோவ்ரே அதைக் கோபமாகக் கேட்கவில்லை. அப்பாவுக்கான பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, உப்பிலிட்ட மத்தி மீனை ரொட்டித் துண்டின் மேல் வைத்துக்கொண்டே, நாளைக்கு மழை வருமா என்பதுபோலக் கேட்டான். அதனால்தான் பெரினாவுக்கு அது மறக்கவில்லை.

அப்பா குஸ்மா எதையும் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. காப்பி ஆறுவதற்குள் பிள்ளைகள் இருவரும் திராட்சை வயலைப் பாகம் பிரித்துவிட்டார்கள். "வெள்ளை வரிசையெல்லாம் எனக்கு, கறுப்பு வரிசையெல்லாம் உனக்கு" என்றான் லோவ்ரே. "சரி" என்றாள் பெரினா. அவள் சரி சொன்ன வேகத்திலேயே அவன் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் அவன் மனம் வெள்ளையில் இருந்தது. அவர்கள் ஊரான லும்பார்தாவுக்குப் படகேறி வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கேட்பது வெள்ளையைத்தான். இந்தத் தீவின் இந்த ஒரு முனை மணலில் விளைகிற அளவுக்கு அந்தக் கொடி வேறெங்கும் மனம் ஒப்பி விளைவதில்லை. கெர்க் என்பது அதன் பெயர். வந்தவர்கள் நாக்கைச் சுளுக்கிக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துச் சிரிப்பார்கள். குடித்த பிறகு சிரிப்பதில்லை.

பெரினா கேட்டது ஒன்றே ஒன்று. வீட்டுக்கு அடியில் இருக்கும் மது அறையின் சாவி. அப்பா நோயில் கிடந்த இரண்டு வருடமும் அந்த அறைக்குள் திராட்சையை மிதித்து, சாற்றைப் பொங்கவிட்டு, அடங்கவிட்டு, பீப்பாய் மாற்றியது அவள்தான். லோவ்ரே கப்பலில் இருபது வருடம் பரிசாரகனாக இருந்துவிட்டுத் திரும்பியவன். நாலு பாஷை பேசுவான். மாடிப்படிக்குக் கீழே குடை விரித்து மேசை போட்டு, "இது நான் செஞ்ச ஒயின்" என்று நாலு பாஷையிலும் சொல்லுவான். சமையலறை ஜன்னல் வழியாக அவளுக்கு அதெல்லாம் கேட்கும். பாஷை புரியாவிட்டாலும் அவன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவது தெரியும்.

"இருக்கறது ஒரே சாவி. இனிமே நான் பாத்துக்கறேன். உன் கறுப்பை அறுத்து எங்கிட்ட போட்டுடு" என்று சொல்லிவிட்டு, உள்ளங்கை நீளத்துக்கு இருக்கும் அந்தப் பழைய இரும்புச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். பெரினா தட்டுகளை எடுத்து அடுக்கினாள்.

பிப்ரவரி பிறந்ததும் ஊரே கத்திரியும் கையுமாக வயலில் நின்றது. லோவ்ரே தன் வெள்ளைக் கொடிகளை ஒரே வாரத்தில் கவாத்து செய்து முடித்தான். நாலு வெள்ளை வரிசைக்கு ஒரு கறுப்பு வரிசை என்று தாத்தா காலத்தில் நட்டது. அதனால் அவனுடைய வெட்டிய கொடிகளுக்கு நடுவே அவளுடைய ஆறு வரிசைகளும் போன வருடத்துச் சுள்ளிகளோடு சடைபிடித்து நின்றன.

பக்கத்து வயல் வீட்சா பெரியம்மா காட்டுக்கீரை பறித்துக்கொண்டு வந்தவள் கல்சுவரில் சாய்ந்து நின்றாள்.

"என்னடி பெரினா, கத்திரியை அடகு வச்சிட்டியா?"

"எண்ணெய் போட்டுத் தொங்கவிட்டிருக்கேன் பெரியம்மா."

"அப்புறம் என்னத்துக்கு உன் கொடியெல்லாம் தலைவாராத பொண்ணாட்டம் நிக்குது? சூசையப்பர் திருநாள் வரப்போகுது. அதுக்குள்ள வெட்டாதவன் சோம்பேறின்னு என் மாமனார் சொல்லுவார்."

"தூங்கட்டும். நுனி மொட்டு விழிச்சு ஒரு விரல் வளர்ந்தப்புறம் வெட்டினா, அடிமொட்டு மெதுவா எந்திரிக்கும். பூக்கறதும் மெதுவாப் பூக்கும். என் கறுப்புக்கு என்ன அவசரம்? எப்பப் பூத்தாலும் அது காய்க்கும்."

வீட்சா கறுப்பைப் பார்த்தாள். வெள்ளையைப் பார்த்தாள். கூடையை மெல்லச் சுவர்மேல் வைத்தாள்.

மணலில் தவழ்கிற பிள்ளைக்குக்கூட அந்த ஊரில் இது தெரியும். கெர்க் கொடியில் பெண் பூ மட்டுந்தான். அதில் இருக்கிற மகரந்தமும் மலடு, தனக்கே உதவாது. அது பூத்திருக்கும் அந்தச் சில நாட்களில் பக்கத்தில் கறுப்பும் பூத்திருந்து, காற்று அதன் பொடியைக் கொண்டுவந்து போட்டால்தான் உண்டு. இல்லாவிட்டால் குலை முழுக்கக் கடுகு கடுகாக நின்றுவிடும். பிழிந்தால் விரல்கூட நனையாது.

"அடிப்பாவி" என்றாள் வீட்சா. அந்தக் குரலில் பாதிக்குமேல் மெச்சுதல். "தம்பிக்குத் தெரியுமா?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல தெரிஞ்சிடும். நீங்க அந்த வழியாத்தானே போறீங்க?"

வீட்சா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் நடந்தாள்.

லோவ்ரே அன்றைக்கே வயலுக்கு வந்தான். கையில் ஒரு பாட்டில், உலர்ந்த அத்திப்பழப் பொட்டலம். சண்டை போட வருகிறவன் அத்திப்பழம் கொண்டுவர மாட்டான். கெஞ்ச வருகிறவனும் கொண்டுவர மாட்டான். இரண்டுக்கும் நடுவே எதையோ யோசித்துக்கொண்டு வந்திருந்தான்.

"அக்கா, கை வலிக்குதுன்னா சொல்லு. நான் வெட்டித் தரேன்."

"என் கை நல்லாத்தான் இருக்கு."

"ஊரே சிரிக்குது."

"உன்னப் பாத்தா, என்னப் பாத்தா?"

அவன் பாட்டிலை மணலில் ஊன்றினான். "சரி, நீ பிந்தி வெட்டு. எனக்கென்ன? காத்து உன்னக் கேட்டா வீசுது? மேற்க இருக்கற வயலேருந்து பொடி கொண்டுவரும்."

பெரினா மோவாயால் மேற்கைக் காட்டினாள். அங்கே இருந்த கறுப்புக் கொடிகளைப் போன வருடம் பிடுங்கிப்போட்டு, விருந்தினர் வீடு கட்டி, நீலமாக ஒரு நீச்சல் குளமும் வெட்டியிருந்தார்கள்.

"அதுலேருந்து வரட்டும்" என்றாள். "குளிச்சிட்டு வரும், சுத்தமா இருக்கும்."

அவனுக்குச் சிரிப்பு முட்டியது. அதை மறைக்கத்தான் குரலை உயர்த்தினான். "நம்ம அப்பா கைவச்ச கொடி அது! அது மலடாப் போறத நீ பாத்துக்கிட்டு நிப்பியா?"

அது சரியான இடத்தில் குத்தியது. மேற்கோரத்து இரண்டு வெள்ளை வரிசைகளைப் பதினைந்து வயதில் அப்பாவோடு சேர்ந்து நட்டவள் அவள். குழியில் தண்ணீர் ஊற்றிய வாளியின் கைப்பிடி உள்ளங்கையில் அறுத்த தழும்பு இன்னும் இருந்தது. அந்தக் கொடிகளில் கடுகுக் குலை தொங்குவதை மனக்கண்ணில் பார்த்தாள். ஆனாலும் அவள் தம்பியின் முகத்தைத் தெரிந்தவள். ஏணியில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் நிற்கும்போது சின்ன வயதில் இதே முகந்தான். கை கொடுத்தால் அழுவான். கொடுக்காவிட்டால் தானே இறங்கிவிடுவான்.

"டேய், நான் உன்னோடதுல எதையும் தொடலை. என்னோடதை எப்ப வெட்டறதுங்கறது என் இஷ்டம். என் கறுப்புக்குள்ளயே ஆணும் இருக்கு, பொண்ணும் இருக்கு. அதுக்கு யார் தயவும் வேண்டாம். உன் வெள்ளைக்குத்தான் வேணும்."

"சாவிக்காகத்தானே இதெல்லாம்?"

"ஆமா."

அவள் அவ்வளவு நேராக ஒப்புக்கொள்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. எதிர்வாதம் ஏதாவது இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பேசியிருப்பான்.

"இருக்கறதே ஒரு சாவி. உங்கிட்டக் குடுத்துட்டு நான் வெளில நிக்கவா?"

"உன்ன யாரு வெளில நிக்கச் சொன்னது? நீ பேசு. உன்னாட்டம் பேச எனக்கு வராது. நான் உள்ள போயி ஒயின் செய்யறேன். எனக்கு அந்தக் கதவு திறக்கணும், அவ்வளவுதான். 'எங்க அக்கா செஞ்சது'ன்னு நாலு பாஷையில ஒரு பாஷையிலயாவது சொல்லு."

லோவ்ரே பாட்டிலை எடுத்துக்கொண்டான். அத்திப்பழத்தை விட்டுவிட்டுப் போனான். பெரினா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். போன வருடம் அவளே உலர்த்தியதுதான்.

மார்ச்சில் சூசையப்பர் திருநாள் வந்து போனது. கோயிலில் ஆளாளுக்கு அவளைப் பார்த்துவிட்டு லோவ்ரேயைப் பார்த்தார்கள். "என்ன லோவ்ரே, இந்த வருஷம் கடுகு ஒயினாமே?" என்று வாசலில் யாரோ கேட்க, அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தான். மணல் சூடேறிக்கொண்டே வந்தது. வெள்ளைக் கொடிகளின் வெட்டுவாயில் நீர் சொட்டியது. மொட்டுகள் பருத்தன. கறுப்பின் நுனிகளில் பஞ்சு பிரிந்து இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது. இன்னும் சில நாள் தாண்டினால் அவள் நினைத்தாலும் பிந்தியது பிந்தியதுதான். பெரினா தினமும் காலையில் போய் ஒரு மொட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். கத்திரியை இடுப்பில் சொருகிக்கொண்டே போனாள், எடுக்கவில்லை.

ஒரு நாள் லோவ்ரே முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனான். மத்தியானம் வீட்டுக்கு அடியில் சுத்தியல் சத்தம் கேட்டது. பழைய மரக்கதவில் எதையோ பெயர்த்து எதையோ அடித்துக்கொண்டிருந்தான். பெரினா மேலே பீட்ரூட் இலையையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, இரண்டு தட்டில் எண்ணெய் ஊற்றி வைத்தாள். ஜன்னல் பக்கமே போகவில்லை.

விடிந்ததும் வழக்கம்போல வயலுக்குப் போனாள். அவளுக்கு முன்பே லோவ்ரே அங்கே நின்றிருந்தான். சட்டைப்பைக்குள் கையை விட்டு ஒரு சாவியை எடுத்தான். பழைய இரும்புச் சாவி அல்ல. புதிய பித்தளைச் சாவி, கடைக்காரன் கட்டிய கம்பி இன்னும் அதில் இருந்தது. அதே மாதிரி இன்னொன்று அவன் பெல்ட்டில் தொங்கியது. கையிலிருந்ததை முதல் கறுப்புக் கொடியின் முண்டில் மாட்டினான்.

பெரினா அதை எடுத்துக் கம்பியைப் பிரித்து, கழுத்துச் சங்கிலியில் சிலுவைக்குப் பக்கத்தில் கோத்துக்கொண்டாள். பிறகு கத்திரியை உருவினாள்.

"ரெண்டு நாள் பிந்திப் பூக்கும்" என்றாள், கொடியைப் பார்த்தபடியே. "உன் வெள்ளை அவ்வளவு நாள் காத்திருக்கும். கவலப்படாத."

முதல் சுள்ளி விழுந்தது. இரண்டாவது விழுந்தது. லோவ்ரே குனிந்து அவற்றைப் பொறுக்க ஆரம்பித்தான். மீன் சுட கறுப்புச் சுள்ளியைப் போல வாகான விறகு இல்லை; சின்ன வயதில் அப்பா வெட்ட வெட்டப் பொறுக்குவது அவன் வேலையாக இருந்தது. வரிசை முடிகிறவரை அவளுக்கு நாலடி பின்னாலேயே வந்தான். கைநிறைய ஆனதும் ஒரு வளைந்த கொடியால் இறுக்கிக் கட்டி, கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய வீட்டைப் பார்த்து நடந்தான்.