குப்பை எண் 417

புயல் வந்து போன இருபதாம் நாள், எர்லின் வெரேயின் வீட்டுச் சுவரில் யாரோ ஆரஞ்சு மையால் பெரிய பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 417 என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அதன் பொருள் அமெரிக்காவின் லூசியானாக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். குப்பை எண் 417. வியாழக்கிழமை காலை இயந்திரம் வந்து அள்ளிக்கொண்டு போகும்.

குறி போட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வீடு உண்மையிலேயே நடுரோட்டில்தான் நின்றது. செங்கல் தூண்களின் மேல் முப்பது வருடம் ஒழுங்காக உட்கார்ந்திருந்த இரண்டறை மரவீடு அது. கடல் உள்ளே புகுந்த அன்று அதற்குப் படகாகும் ஆசை வந்துவிட்டது. அரை மைல் மிதந்து போய் வாய்க்கால் கரைச் சாலையின் குறுக்கே தரைதட்டியது. கூரையில் பாதியைக் காணவில்லை. அடுப்படி அலமாரியிலிருந்த சிக்கரி காபி டப்பா மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

எர்லினுக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அந்த வீட்டைத் தவிர உலகத்தில் அவளுக்கென்று வேறு கூரை கிடையாது, பாதிக் கூரையானாலும். முதல் வாரமே நிவாரணத் துறைக்கு எழுதிப் போட்டாள். ஓர் ஆய்வாளர் வந்தார். அவளுடைய மனையில் மூன்று வாசற்படியும் ஒரு தபால் பெட்டியும்தான் இருந்தன. கையிலிருந்த பலகைக் கணினியில் அவர் தட்டினார்: "இம்முகவரியில் வீடு காணப்படவில்லை. ஆகவே சேதத்தை மதிப்பிட இயலாது."

எர்லின் அவரை அரை மைல் நடத்திக் கூட்டிப்போய் வீட்டைக் காட்டினாள்.

"இந்த இடத்துக்கு முகவரி இல்லீங்களே மேடம்," என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

செவ்வாய்க்கிழமை பள்ளி மைதானத்தில் மக்கள் குறைகேட்புக் கூட்டம். எர்லின் காலிப் பேருந்தை ஓட்டிக்கொண்டு போகிற வழியெல்லாம் வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜுகளை டேப் சுற்றித் தெருவோரம் நிறுத்தியிருந்தார்கள். திறந்தால் ஊர் தாங்காது. அவற்றின் கதவுகள்தான் அந்த ஊரின் செய்தித்தாள். 'உள்ளே மூன்று வார இறால். நிவாரணத் துறைக்கு எங்கள் அன்பளிப்பு' என்றது ஒன்று. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்றது இன்னொன்று. மூன்றாவதில் எழுதியிருந்ததை எர்லின் படித்துவிட்டு, பேருந்தில் பிள்ளைகள் இல்லாததற்கு நன்றி சொன்னாள்.

ஊருக்கே மின்சாரம் இல்லை. கூட்டம் நடந்த கூடாரத்துக்குள் மட்டும் ஜெனரேட்டர் தயவில் ஓடிய ஏசியில் பல் கிட்டியது. தரைக்குப் புதுப் பலகை, மேலே 'நாங்கள் உங்களோடு' என்ற பதாகை. அதன் கீழே நிவாரணத் துறை ஒருங்கிணைப்பாளர் கிளேபோர்ன் ஃபிட்ச். சேறே பார்க்காத ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்.

"ஒருங்கிணைந்த, பன்முக, மக்கள் மையப் பதில் நடவடிக்கை முழு வீச்சில் நடைபெற்று வருகிறது," என்றார்.

"தம்பி, போகும்போது அந்த ஜெனரேட்டரையாவது விட்டுட்டுப் போங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடாரம் சிரித்தது.

எர்லின் எழுந்தாள். "சார், என் வீட்டை நானே என் மனைக்கு இழுத்துக்கிட்டுப் போயிடறேன். உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல. விட்டா போதும்."

"பொதுச் சாலையில் கட்டடத்தை நகர்த்த மாநில அனுமதி வேண்டும், மேடம். தொண்ணூறு நாள் ஆகும்."

"வியாழக்கிழமை இடிச்சு அள்ளிருவாங்களே?"

"அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். அதற்கு அறுபது நாள்தான்."

யாரும் சிரிக்கவில்லை.

வெளியே நோலன் டார்டார் அவளுக்காகக் காத்திருந்தான். இறால் படகுக்காரன், பக்கத்து மனைக்காரன், வருடா வருடம் அலங்கார வண்டி விட்டுக் கூட்டத்துக்குப் பாசிமணி வீசுகிற கார்னிவல் ஊர்வலச் சங்கத்தின் தலைவன். எர்லின் அவனையே முறைத்துப் பார்த்தாள்.

"என்ன அப்படிப் பாக்குற? நானா கொண்டுபோய் வச்சேன் உன் வீட்டை?"

"போன பிப்ரவரில நாப்பதடி நீள நண்டு ஒண்ணைச் செஞ்சு, என் பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் இழுத்துட்டுப் போனியே. அதுக்கு அனுமதி வாங்க எத்தனை நாளாச்சு?"

"நாளா? வெர்னாக்கா ஒரு காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள முத்திரை குத்திட்டாங்க." சொல்லிவிட்டு நோலன் வாயை மூடினான். பிறகு திறந்தான். "அடிப்பாவி."

"என் வீடு முப்பத்தாறடிதான்டா."

வட்டார அலுவலகத்தின் கூரையும் போய்விட்டதால், வெர்னா தார்ப்பாயின் கீழே ஒரு மடக்கு மேசை போட்டு அரசாங்கம் நடத்திக்கொண்டிருந்தாள். ஊர்வலப் படிவத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"வண்டி எதைக் குறிக்குது?"

"வீட்டை, வெர்னாக்கா," என்றாள் எர்லின்.

"தத்ரூபமா செஞ்சிருக்கியா?"

"கக்கூஸ் முதக்கொண்டு."

வெர்னாவின் உதடு துடித்தது. முகம் மட்டும் அரசாங்க முகமாகவே இருந்தது. "அலங்காரம்?"

"நீலத் தார்ப்பாய்."

"சனங்களுக்கு என்ன வீசுவீங்க? ஏதாவது வீசியே ஆகணும், விதி."

"பாசிமணி மூட்டையெல்லாம் வெள்ளத்துல ஊறிப்போச்சேக்கா," என்றான் நோலன்.

"ஊறினா கரைஞ்சா போயிரும்? கழுவி வீசு." முத்திரை விழுந்தது. "புதன்கிழமை காலை பத்து மணி. ஒரு மேளமாவது இருக்கணும், சொல்லிட்டேன்."

மேளம் ஒன்று, டிரம்பெட் இரண்டு கிடைத்தன. புயல் எச்சரிக்கை வந்ததுமே சங்கத்தின் டிராக்டர்களையும் ஊர்வல டிரெய்லர்களையும்தான் ஊரார் முதலில் மேட்டுக்கு ஏற்றியிருந்தார்கள். சொந்தக் காரை மறந்தவர்கள்கூட அவற்றை மறக்கவில்லை. வருடா வருடம் வீட்டை உயர்த்தியே பழகிய ஊர் என்பதால் ஜாக்கிக்கும் பஞ்சமில்லை. விடிந்ததும் வீட்டைத் தூக்கினார்கள். அடியில் டிரெய்லர்களைத் தள்ளினார்கள். நோலனின் படகு வாய்க்காலில் நின்றபடி தன் வலை இழுக்கும் வின்ச்சால் வீட்டை நேராகத் திருப்பிக் கொடுத்தது. முன் டிராக்டரில் எர்லின் ஏறி உட்கார்ந்தாள். அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவும் அவள் முதுகுத்தண்டுக்குத் தெரியும்.

பத்து மணிக்கு மேளம் முழங்கியது. முன்னால் போலீஸ் கார் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போக, நீலத் தார்ப்பாய் படபடக்க, வீடு கிளம்பியது. சேற்றிலிருந்தும் இடிபாட்டிலிருந்தும் சனங்கள் எழுந்து வந்து சாலையோரம் நின்று, மூன்று வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கையை உயர்த்தி, "எனக்கு ஒண்ணு! இங்க ஒண்ணு!" என்று கத்தினார்கள். மின்கம்பி எங்கும் குறுக்கிடவில்லை. கம்பிகளெல்லாம் இன்னும் தரையில்தான் கிடந்தன. அரசாங்கத்தின் தாமதம் யாருக்காவது உதவியது என்றால் அன்றைக்குத்தான்.

பள்ளி மைதானத்துக்கு எதிரே, இடப்பக்கச் சக்கரம் சாலையோரச் சேற்றில் இறங்கியது. வீடு சாய்ந்தது. டிரம்பெட் பாதி சுரத்தில் நின்றுபோனது. எர்லின் பிரேக்கை மிதித்தாள். இன்னும் ஒரு சாண் சாய்ந்தால், நாளைக்கு இயந்திரமே தேவைப்படாது.

கூடாரத்திலிருந்து ஃபிட்ச் ஓடி வந்தார். "என்ன இது?"

"ஊர்வலம் சார். அனுமதி இருக்கு," என்றார் போலீஸ்காரர், எங்கோ பார்த்துக்கொண்டு.

"சார்," என்று டிராக்டரிலிருந்து எர்லின் கூப்பிட்டாள். "உங்க கூடாரத்துத் தரையில நல்ல பலகையா போட்டிருக்கீங்களே. சக்கரத்துக்குக் கீழ குடுக்க ஒரு பதினாறு கெடைக்குமா?"

ஃபிட்ச் சாய்ந்திருந்த வீட்டைப் பார்த்தார். பதாகையைப் பார்த்தார். மனத்துக்குள் விதிகளையெல்லாம் புரட்டியிருப்பார் போலும், உதடு அசைந்தது.

"பலகைக்கு..." என்றார் மெதுவாக. "பலகைக்குப் படிவமே கிடையாது."

முதல் பலகையின் ஒரு முனையை அவரே தூக்கினார். மறுமுனையை நோலன் பிடித்தான். முழங்கால்வரை சேற்றில் இறங்கியபோது, அந்த பூட்ஸ் பிறந்த பயனை அடைந்தது. பலகைமேல் ஏறிய சக்கரம் வழுக்கியது, திணறியது, பிறகு பிடித்துக்கொண்டது. வீடு பெருமூச்சு விட்டாற்போல நிமிர்ந்தது. யாரோ வீசிய பச்சைப் பாசிமணி ஃபிட்ச்சின் கழுத்தில் விழுந்தது. அவர் அதைக் கழற்றவில்லை.

மத்தியானத்துக்குள் மூன்று வாசற்படிக்கும் மறுபடி ஒரு வீடு கிடைத்துவிட்டது. அவசரமாக அடுக்கிய தூண் கொஞ்சம் கோணல்தான். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் ஃபிட்ச் பலகைக் கணினியோடு நின்றார். முழங்கை வரை சேறு.

"இம்முகவரியில் வீடு காணப்பட்டது," என்று சத்தமாகச் சொல்லியபடியே தட்டினார். "சேதம் எதுவும் உண்டா, மேடம்?"

எர்லின் பாதிக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். "கொஞ்சம் பயணக் களைப்பு, சார்."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு ஏணி கேட்டு வாங்கி, மேலே ஏறி, காணாமல்போன கூரையை அடி அடியாக அளந்து எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை, சொன்ன நேரத்துக்கு இயந்திரம் வந்தது. அதுவரை அரசாங்கத்தில் நேரத்துக்கு வந்த ஒரே சங்கதி அதுதான். ஓட்டுநர் வெறும் சாலையை மேலும் கீழும் பார்த்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். அரை மைல் தள்ளி, சுவரில் ஆரஞ்சுக் குறியோடு நின்ற வீட்டைக் கண்டதும் வந்து ஜன்னலைத் தட்டினார்.

"அம்மா, ரோட்டுல 417-னு ஒரு குப்பை இருந்துச்சாமே?"

"இருந்துச்சு," என்றாள் எர்லின், டப்பாவைத் திறந்து சிக்கரித்தூளை அள்ளியபடி. "அதுக்குள்ளதான் காபி போட்டுக்கிட்டு இருக்கேன். பால் கெடையாது, பரவாயில்லையா?"