புதன்கிழமைக்கு முன் ஒரு பேய்ப்படம்

பேய்ப்படம் எடுக்கிறவன் எதற்குப் பயப்படாவிட்டாலும் ஒன்றுக்குப் பயப்படத்தான் வேண்டும். சொந்தக்காரர்கள் அதைப் பார்க்க வந்துவிடக்கூடாது. கோகுலனுக்கு அந்தப் பயம் ஞாயிற்றுக்கிழமை மதியம் வேன் ஏறி வந்தது.

ஜார்ஜ்டவுனில் குயின் ஸ்திரீட் பக்கத்துப் பழைய கடைவீடு ஒன்றின் மேல்மாடியில் அவன் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான். ஷர்மினி ஆண்டுக்கு ஒருமுறை அங்கே குறும்படங்கள் திரையிடுவாள். எல்லாம் சொந்தக் கைக்காசில், விடுமுறை நாட்களில், தயாரிப்பாளர் என்று ஒரு பெயர்கூட இல்லாமல் எடுத்த படங்கள். கீழே வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியது ஒரு பட்டுச்சேலை. சேலைக்குள் புஷ்பவள்ளி பெரியம்மா. பிறகு கதவைப் பிடித்தபடி மெல்ல மெல்ல அய்யாக்கண்ணு பெரியப்பா. அவர்களுக்குப் பின்னால், அவர்கள் குடியிருக்கும் நிபோங் திபால் தாமானில் பாதிச் சனம்.

"நம்ம வீடு படத்துல வருதுல்ல? அதான் எல்லாரையும் இழுத்துட்டு வந்துட்டேன்," என்றாள் பெரியம்மா, மாடிப்படியிலேயே மூச்சு வாங்க.

கோகுலன் சிரித்தான்.

வீடு மட்டுமா வருகிறது? கெப்பாலா பத்தாஸில் ஒரு கல்யாணம் என்று பெரியவர்கள் இருவரும் கிளம்பிய அன்று, அந்த வீட்டில்தான் அவனும் இஸ்மாயிலும் படம் பிடித்தார்கள். இஸ்மாயில் பாயான் பாரு தொழிற்சாலையில் அவனோடு ஒரே ஷிப்ட், படத்துக்கு ஒளிப்பதிவாளர். கதை சின்னதுதான். வாடகை வீட்டுக்குக் குடிவருகிற பெண்ணிடம் தினமும் ஒரு பெரியவர் வாசலில் நின்று தண்ணீர் கேட்கிறார். அவளும் கொடுக்கிறாள். கடைசியில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால், சுவரில் அதே பெரியவரின் படம். சந்தனப்பொட்டு, மாலை, எதிரில் விளக்கு. நடிக்க ஒத்துக்கொண்ட மனிதர் முகத்தைக் காட்ட மாட்டேன் என்று கடைசி நேரத்தில் சொல்லிவிட்டதால், வாசலில் அவர் முதுகை மட்டும் எடுத்தார்கள். ஆனால் சுவருக்கு ஒரு முகம் வேண்டுமே. கூடத்தில் கோட்டு போட்டுக்கொண்டு கம்பீரமாகத் தொங்கியவர் அய்யாக்கண்ணு பெரியப்பா. கோகுலன் அவரைக் கழற்றினான், பொட்டு வைத்தான், மாலை போட்டான், எடுத்து முடித்ததும் துடைத்துத் திரும்ப மாட்டினான்.

உயிரோடு இருக்கிற மனிதர் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றுவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று நம்மவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதுவும் எந்த மனிதருக்கு! பெரியப்பாவுக்கு நெஞ்சில் மூன்று அடைப்பு. வருகிற புதன்கிழமை ஆப்பரேஷன். டாக்டர் போன வருடமே செய்யச் சொன்னார். முதல் தேதி வந்தபோது கிளம்புகிற நேரத்தில் பெரியம்மாவுக்கு எதிரே பூனை போனது. அடுத்த தேதிக்கு முதல் நாள் சாமி விளக்கு தானாக அணைந்தது. இரண்டு தடவையும் பெரியம்மா தேதியை மாற்றிவிட்டாள். இனியும் தள்ளினால் என் கையில் இல்லை என்று டாக்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பூனைக்கே அந்தப் பாடு என்றால், மாலை போட்ட படத்துக்கு?

"எடிட் பண்ணி அந்த ஷாட்ட தூக்கிடலாமா?" என்று இஸ்மாயிலை ஓரமாக இழுத்துக் கேட்டான்.

"லேப்டாப் பாயான் பாருல கெடக்கு. அதோட அந்த ஷாட் இல்லன்னா இது பேய்ப்படமா? ஒரு பொம்பள தண்ணி ஊத்துற படம்லா!"

"அப்போ படமே வேணாம். லிஸ்ட்டுலேருந்தே தூக்கிரு."

"உங்க பெரியம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு."

சொல்லத்தான் போனான். வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா அவன் நெற்றியில் திருநீறு பூசினாள். "மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டுத்தான் வர்றோம். புதன் வரைக்கும் நல்லதத்தான் பாக்கணும், நல்லதத்தான் கேக்கணும்டா," என்றாள். திறந்த வாயை அவன் அப்படியே மூடிக்கொண்டான்.

கடைசியில் இஸ்மாயில்தான் வழி சொன்னான். புரொஜெக்டர் பின்வரிசைக்கும் பின்னால் ஒரு மேசைமேல் இருந்தது. அதிலிருந்து வரும் வெளிச்சம் நடுவழிக்கு மேலாகத்தான் திரைக்குப் போகும். அந்தப் படம் வருகிற நேரம் பார்த்து இஸ்மாயில் எழுந்து, எதையோ தேடுகிறவன் மாதிரி வெளிச்சத்துக்குக் குறுக்கே நின்றுவிடுவான். திரையில் அவன் தலை தெரியும், பெரியப்பா தெரிய மாட்டார். நல்ல ஒளிப்பதிவாளன் தன் படத்தைத் தானே மறைப்பதென்றால் சும்மா இல்லை. நட்புக்காக ஒப்புக்கொண்டான்.

ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, விளக்கை அணைத்தார்கள்.

முதலில் ஒரு நகைச்சுவைப் படம். அடுக்குமாடியில் கார் நிறுத்துகிற இடத்துக்காக இரண்டு குடும்பம் போடுகிற சண்டை. சிரிக்க வைக்கிற வேலையில் ஏமாற்றுக்கு இடமே கிடையாது. சிரிப்பு வந்தால் வந்தது, வராவிட்டால் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும். அன்றைக்கு மின்விசிறி கேட்கவில்லை. அடுத்தது நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிற ஒரு பெண்ணைப் பற்றிய ஆவணப்படம். கேமரா அசையவே இல்லை. வேலை முடிந்து அவள் கண்ணாடியில் பார்த்துத் தலைவாரிக்கொள்ளும் வரை பொறுமையாகக் காத்திருந்தது. பெரிய படங்களுக்கு அந்தப் பொறுமை வராது, அங்கே ஒவ்வொரு நிமிடத்துக்கும் பில் போடுவார்கள். பெரியம்மா அந்தப் பெண்ணின் கையைப் பார்த்து, "காப்பு காச்சிருக்கு பாரு," என்று சத்தமாகவே சொன்னாள்.

மூன்றாவது ஒரு காதல் கதை. பட்டர்வொர்த் போகிற பெரிப் படகில் ஓர் ஆணும் பெண்ணும், கரை வரும் வரை ஒரு வசனம் கிடையாது.

"ஏந்தான் ரெண்டும் பேசாம உக்காந்திருக்குதுங்க?" என்றாள் பெரியம்மா.

"பேசினா கெட்டுரும்லா," என்றார் பெரியப்பா.

வேறொரு நாளாக இருந்தால் கோகுலன் இதைக் கேட்டு மனசுக்குள் கூத்தாடியிருப்பான். இப்படிப்பட்ட ஒரு பார்வையாளருக்காகத்தானே லீவு போட்டுப் போட்டுப் படம் எடுக்கிறான். இன்றைக்கோ இஸ்மாயில் உட்கார்ந்த இடத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் படம். பெண் தண்ணீர் கொடுத்தாள். வாசலில் முதுகு தெரிந்தது. "ஐ, நம்ம குசினி! நம்ம சொம்பு!" என்று சமையலறையைக் கண்டதும் பெரியம்மா கூட்டம் உட்கார்ந்திருந்த மூன்றாம் வரிசை முழுக்கக் குதூகலம். பேய்ப்படத்துக்கு வேண்டியது ஒரே ஒரு கணம்தான். அதுவரைக்கும் உள்ளதெல்லாம் அந்தக் கணத்துக்குப் போடுகிற கோலம். பெண் சாவியை எடுத்தாள். பூட்டில் நுழைத்தாள். இஸ்மாயில் எழுந்து நடுவழிக்கு வந்தான்.

அதே நேரம் மூன்றாம் வரிசையில் இன்னொருவரும் எழுந்தார். நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிற மனிதர், பாவம், எவ்வளவு நேரம்தான் தாங்குவார்? தண்டாஸ் பின்பக்கம் இருந்தது. அய்யாக்கண்ணு பெரியப்பா திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாற்காலியாகப் பிடித்துப் பிடித்து வந்தார். ஒடுங்கிய வழி. எதிரே வயதில் பெரியவர் வந்தால் ஒதுங்கி நில் என்று இஸ்மாயிலைச் சின்ன வயதிலிருந்து அடித்து வளர்த்திருக்கிறார்கள். அவன் கால் தானாக ஒதுங்கியது. "வாங்க ஐயா," என்றுகூடச் சொல்லிவிட்டான்.

அறைக்கதவு திறந்தது. திரை நிறைய மாலையும் பொட்டுமாக அய்யாக்கண்ணு. அதற்கு நேர் கீழே, புரொஜெக்டர் வெளிச்சத்தின் கீழோரம் முகத்தில் விழ, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்து வருகிற அய்யாக்கண்ணு.

பின்வரிசை முழுக்க அலறியது. ஒரு பெண் நாற்காலியோடு சாய்ந்தாள். ஷர்மினி, படத்தை முன்பே இரண்டு முறை பார்த்தவள், அவளும் அலறினாள். இந்த அலறலுக்கெல்லாம் என்ன காரணம் என்று தெரியாமல், அவசரம் தாங்காமல், பெரியப்பா தண்டாஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விளக்கு போட்டார்கள். பெரியம்மா வெற்றுத்திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கோகுலன் போய் அவள் முன்னால் நின்றான்.

"உங்கப்பா படம் உன் வீட்டுல மாலையோட தொங்குது. தயாரா தொங்குது. அத எடுக்க வேண்டியதுதானேடா?" அவள் குரல் உடைந்தது. "இவருதான் கெடச்சாரா ஒனக்கு?"

அப்பா செத்தபோது கோகுலனுக்குப் பதினான்கு வயது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்துப் போடவேண்டிய இடத்திலெல்லாம் போட்டது அய்யாக்கண்ணுதான்.

"மொதல்ல அப்பா படத்தத்தான் எடுக்கலாம்னு நெனச்சேன் பெரியம்மா. கைல தூக்கியும் பாத்தேன். அவர பேயா காட்ட மனசு வரல. அவருதான் நெஜமாவே இல்லியே." அவன் கண் தண்டாஸ் கதவுக்குப் போனது. "பெரியப்பான்னா பரவால்லன்னு தோணுச்சு. அவரு இருக்காருல்ல. எங்க போயிரப்போறாரு?"

தண்டாஸ் கதவு திறந்தது. பெரியப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார்.

"என்னாச்சு? யாரு கத்துனது?"

பெரியம்மாவே சொன்னாள். "ஒங்க போட்டோவுக்கு மாலை போட்டு வச்சிருக்கான். நீங்க செத்துட்டீங்க, படத்துல."

பெரியப்பா கோகுலன் பக்கம் திரும்பினார். "எந்தப் போட்டோ? கோட்டு போட்டதா?"

"ஆமா பெரியப்பா."

"அது நல்லாருக்கும்," என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், "எனக்குந்தான் பயம்மா இருக்கு, புஷ்பா. போன ரெண்டு தடவ நீ தேதிய மாத்துனப்போ, உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டேன்," என்றார்.

பெரியம்மா இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை மாதமாக இரண்டு பேருக்கும் சேர்த்துத் தான் ஒருத்திதான் பயப்படுகிறோம் என்று நினைத்திருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எழுந்தாள்.

"இஸ்மாயில் தம்பி, ஒங்க கடை கீழதானே? ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வா."

கீழே இருந்த அவன் குடும்பத்து நாசி கண்டார் சாப்பாட்டுக்கடையிலிருந்து பழம் வந்தது. பெரியம்மா அதை வாங்கிப் பெரியப்பாவின் தலையைச் சுற்றினாள். என்ன தோன்றியதோ, அதே கையோடு கோகுலன் தலையையும் சுற்றினாள். பிறகு இஸ்மாயிலிடமே கொடுத்து வேன் சக்கரத்துக்கு அடியில் வைக்கச் சொன்னாள். சுற்றி நின்ற தாமான் ஜனங்கள் அவள் வாயையே பார்த்தார்கள். புதன்கிழமை என்ன ஆகப்போகிறது என்று அவர்களுக்கும் கவலை. ஒருத்தி மெல்ல, "வேற நாள் பாப்பமா அக்கா?" என்று கேட்டே விட்டாள்.

"எதுக்கு?" என்றாள் பெரியம்மா. "மாலை போட்டு, வெளக்கேத்தி, எல்லாம் முடிஞ்சுபோன மனுசன். அத்தன பேரு கண்ணு முன்னால அந்தப் படத்துலேருந்து எறங்கி நடந்து வந்தாரு. இதுக்கு மேல எனக்கு என்ன சகுனம் வேணும்?"

பெரியப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். படியருகே போனதும் நின்று, கோகுலனைத் திரும்பிப் பார்த்தாள்.

"புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு நீதான் காடி ஓட்டணும். விடியுறதுக்கு முன்னாலயே வந்துரு."