மாப்பிள்ளையின் மத்தியானத் தூக்கம்

பள்ளிப் பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது மாப்பிள்ளையின் வேலை. இனி வீட்டிலிருந்தே செய்யலாம் என்று பதிப்பகத்தில் சொன்னபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மேசை போட்ட அறையில், முதுகுக்குப் பின்னால் இருந்த பெரிய ஜன்னல்தான் ஒரே தொல்லை. வெயில் ஏறினால் கணினியில் எழுத்து தெரியாது. ஜன்னலும் அவருடைய சொந்தத் தலையும்தான் தெரியும். கனத்த திரைச்சீலை ஒன்றை வாங்கி வந்து இழுத்து மூடினார். மேசைமேல் ஒரு சின்ன மஞ்சள் பல்பு. கண் கூசவில்லை. ஆகா, என்ன அமைதி என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

அமைதி தன் வேலையைக் காட்டியது. காலையிலேயே கொட்டாவி வந்தது. மத்தியானமானால் தலை ஆடி ஆடி, தாடை போய் நெஞ்சில் முட்டியது. சாப்பாட்டின்மேல் பழிபோட்டு அரை வயிறு சாப்பிட்டார்; பசியோடு தூங்கினார். காபியைக் கூட்டினார், டம்ளரைப் பிடித்தபடியே தூங்கினார்.

"யோசிச்சிட்டிருந்தேன்" என்றார் மனைவியிடம்.

"யோசிக்கிறவங்க குறட்டை விடமாட்டாங்க" என்றாள் அவள்.

அப்படி யோசித்த ஒரு மத்தியானத்தில்தான், மாணவர்கள் ஆசிரியரை வணங்க வேண்டும் என்றிருக்க வேண்டிய வரி, 'ஆசிரியரை வாங்க வேண்டும்' என்று அச்சேறிவிட்டது. புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போனபின் நடந்த காணொளிக் கூட்டத்தில் மேலாளர் தொண்டையைச் செருமினார்.

"சார், ஆசிரியர் எந்தக் கடையில கிடைப்பார்னு பெத்தவங்க ஃபோன் பண்ணிக் கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்? ஆமா, நீங்க எங்க இருக்கீங்க? கிணத்துக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கு. மூக்கு மட்டும்தான் தெரியுது!"

கூட்டமே சிரித்தது. அவரும் சிரித்துவைத்தார். கூட்டம் முடிந்ததும் முதல் வேலையாக, எலெக்ட்ரீஷியனாக இருக்கும் மச்சினனைக் கூப்பிட்டார்.

"வெளிச்சம்தானே மாமா? அசத்திடலாம்" என்றான் அவன். அசத்தித்தான் விட்டான். மேசைக்கு நேர் மேலே வெள்ளை விளக்குகளை வரிசையாக மாட்டியதில் அறை ஆபரேஷன் தியேட்டர் ஆனது. தூக்கம் ஓடிப்போனது உண்மை. பதிலுக்குத் தலைவலி வந்து குடியேறியது. கணினித் திரையில் விளக்குகள் வெள்ளைக் கோடுகளாகப் பளபளத்தன, கண்ணில் நீர் வடிந்தது. மாலையில் வந்த மனைவி, வீட்டுக்குள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு, "கடற்கரைக்குக் கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் எழுந்து போய் மறுபடி மஞ்சள் பல்பைப் போட்டுக்கொண்டார்.

அந்த வாரம் மாமியார் வந்து இறங்கினார், தையல் மெஷினோடு.

"அத்தை, இது என் ஆபீஸ் ரூம்…" என்று இழுத்தார் மாப்பிள்ளை.

"நல்லா இருக்கட்டும் மாப்ள. ஊசியில நூல் கோக்க எனக்கு வெளிச்சம் வேணும். வேற ரூம்ல ஜன்னல் கையகலம்தான் இருக்கு" என்றபடியே திரைச்சீலையை ஒரே இழுப்பில் ஒதுக்கினார். மெஷினுக்கு இடம் போதவில்லை. "ஒரு கை பிடிங்க" என்று சொல்லி, மேசையைச் சுவரோரமாகத் திருப்பிப் போடவைத்தார். ஜன்னல் இப்போது மாப்பிள்ளைக்கு இடது பக்கம். போயிற்று, வேலை கெட்டது என்று மனதுக்குள் பொருமியபடி உட்கார்ந்தார்.

கணினித் திரையைப் பார்த்தார். எழுத்து எழுத்தாக நின்றது. ஜன்னலும் இல்லை, தலையும் இல்லை. பக்கத்திலிருந்து வந்த பகல் வெளிச்சம் காகிதத்திலும் கையிலும் இதமாகப் படிந்தது. ஒரு பாடம் முடித்தார், இன்னொன்றை எடுத்தார். மெஷின் சத்தம் நின்றுபோனதும்தான் நிமிர்ந்தார். மத்தியானம் எப்போதோ கழிந்திருந்தது. மாமியார் மெஷின்மேல் கையூன்றித் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, தூங்கறீங்களா?"

"சேச்சே, யோசிச்சிட்டிருந்தேன் மாப்ள" என்று திடுக்கிட்டு நிமிர்ந்தார் அவர்.

அடுத்த நாட்களில் பிழைகள் மாப்பிள்ளையிடம் ஒவ்வொன்றாக மாட்டின. அதோடு விட்டாரா? மாமியாரின் தையலில் கோணல், மச்சினன் மாட்டிய சுவிட்சில் சாய்வு என்று வீடு முழுக்கத் திருத்த ஆரம்பித்தார். "பேசாம தூங்கவே விட்டிருக்கலாம்" என்று தன் அம்மாவின் காதைக் கடித்தாள் மனைவி.

மாமியார் பெட்டியைக் கட்டியபோது மாப்பிள்ளை வந்து வாசலை மறித்தார். "அத்தை, இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போங்களேன். மெஷின் போயிட்டா மேசையைப் பழையபடி திருப்பிடுவேனோன்னு எனக்கே என்மேல நம்பிக்கையில்ல."

மாமியாரைப் போகாதே என்று கெஞ்சும் மாப்பிள்ளையை மனைவி வாய் பிளந்து பார்த்தாள்.

"இருக்கேன்" என்றார் மாமியார். "ஆனா என் தையல்ல குத்தம் சொல்லக் கூடாது."

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். "சொல்லல அத்தை" என்றார், மனசே இல்லாமல்.