மூன்று வீட்டு மெக்னீசியம்

தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டிருந்த மத்தியானம், ஈஸ்வரமூர்த்தியின் நெஞ்சுக்குள் ஒரு மீன் துள்ளியது.

லாரிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். நெஞ்சில் கை வைத்தார். ஒன்றுமில்லை. கையை எடுத்தார். மறுபடி துள்ளல்.

"ஏனுங்க, என்ன ஆச்சு?" மனைவி சரஸ்வதியம்மாள் களத்திலிருந்து கத்தினாள்.

"ஒண்ணுமில்லை. வாயு."

அந்த வாயு மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் பாலக்காட்டில் டாக்டர் ஜோஜோ முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஜோஜோ திருச்சூர்க்காரர். கிழக்குப் பாலக்காட்டுத் தமிழர்களின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து வைத்தே தமிழ் கற்றவர். நடுநடுவே மலையாளம் எட்டிப்பார்க்கும், அவசரம் வந்தால் இன்னும் அதிகமாக.

"பேடிக்க வேண்டாம் சேட்டா, பயப்பட ஒண்ணுமில்லை. நடுவுல ஒரு துடிப்பு முந்திக்கிட்டு வருது, அவ்வளவுதான். மெக்னீசியம் கம்மியா இருந்தா இப்படி வரலாம். கேஸ் மாத்திரை சாப்பிடறதுண்டா?"

"தினமுங்க. காலைல காப்பிக்கு முன்னால."

"எத்தனை வருஷமா? யார் சொல்லி?"

"அது ஆச்சுங்க ஏழெட்டு வருசம். யாரும் சொல்லலீங்க. பழகிப்போச்சு."

"அதை நிறுத்தணும். அதுவே மெக்னீசியத்தைக் குறைக்கும். இப்போ ரத்தம் குடுங்க. மெக்னீசியம், கிட்னி ரெண்டும் பார்க்கணும். சுகர் உள்ள ஆளு நீங்க. ரிசல்ட் பார்த்துட்டு எந்த மாத்திரை, எவ்வளவுன்னு நான் சொல்றேன். அதுவரைக்கும் ஒண்ணும் வாங்க வேண்டாம்."

லேபுக்கு முன்னால் கோயில் வாசல் மாதிரி கூட்டம். ஈஸ்வரமூர்த்தியின் கைபேசியில் லோடு கேட்டு வியாபாரி. "நாளைக்கு வந்து குடுத்துக்கலாம் சரசு" என்றார். அந்த நாளை வரவே இல்லை. டாக்டர் சொன்னதில் அவர் மனதில் தங்கியது ஒரே ஒரு வார்த்தை: மெக்னீசியம்.

அதை முதலில் சொன்னது தாவூத்திடம். கோவிந்தாபுரம் மெயின் ரோட்டில் மெடிக்கல் ஷாப். பள்ளிக்கூட நாளிலிருந்தே இருவரும் கூட்டாளிகள்.

"கிட்னி பார்த்தாச்சா?" தாவூத் மாத்திரை அட்டையை எடுக்குமுன் கேட்டார்.

"பார்த்தாச்சு பாய். நல்லாருக்குதாம்."

கூசாமல் வந்தது பொய். தாவூத் ஓர் அட்டையை நீட்டினார். "இது ஆக்ஸைடு. விலை குறைச்சல், வயித்தையும் இளக்கும். உனக்கு ரெண்டும் வேணும். வேற எவன் பேச்சையும் கேட்டு வேற எதையும் வாங்காதே."

"உன்னை விட்டா எனக்கு யாரு பாய்!"

இரண்டாவதாக மகளுக்குத் தெரிந்தது. தமிழ்ப்ரியாவை ஆனைமலையில் கட்டிக் கொடுத்து ஒரு வருடம். கணவன் சிவப்பிரகாஷ், மாமனார், மாமியார் எல்லாரும் ஒரே வீடு. படித்த பெண். எதையும் பத்துத் தடவை அலசிப் பார்க்காமல் வாங்காது.

"ஆக்ஸைடா? அதுல பாதி உடம்புல சேரவே சேராதுங்ப்பா. நேரா கக்கூசுக்குத்தான் போகும். கிளைசினேட்னு ஒண்ணு இருக்குது, வயித்தைப் புரட்டாது. வாங்கி அனுப்பறேன். அதை மட்டும் சாப்பிடுங்க."

"சரி கண்ணு."

மூன்றாவதாக வந்தவர்தான் சிக்கல். சம்பந்தி குழந்தைசாமி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், ஆள் சேர்த்து ஆள் சேர்த்து விற்கும் ஒரு கம்பெனியில் ஏஜென்ட் ஆகியிருந்தார். காரிலிருந்து இறங்கும்போதே கையில் தங்க நிறத்தில் ஒரு டப்பா.

"ஆரஞ்சு வாசம் வருமுங்க சம்பந்தி. தண்ணியில போட்டா பொங்கும். மெக்னீசியம் சிட்ரேட்டு. கூட மூலிகையும் இருக்குது. காலைல ரெண்டு கரண்டி, சாயங்காலம் ரெண்டு கரண்டி."

"எதுக்குங்க உங்குளுக்குச் செரமம்..."

"இருங்க, முழுசாச் சொல்லிர்றேன்." குழந்தைசாமி குரலைத் தாழ்த்தினார். "உங்க புள்ள இருக்குதே, இந்த டப்பாவே ஏமாத்துன்னு என்றெ மூஞ்சிக்கு நேராச் சொல்லுது. எங்கப்பா நான் வாங்கிக் குடுத்ததைத்தான் சாப்பிடுவாங்க, வேணும்னா பாருங்கன்னு சவால் வேற. நீங்களே சொல்லுங்க. எது சாப்பிடப் போறீங்க?"

ஈஸ்வரமூர்த்தி டப்பாவைப் பார்த்தார். டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் சம்பந்திக்கு அவமானம். அந்த அவமானம் ஆனைமலைக்குத் திரும்பிப் போய், மகள் தட்டில் சோறாக விழும். மகள் அனுப்பிய கேப்சூல் பாட்டிலைத் தள்ளி வைத்தால், அந்த வீட்டில் அதற்குப் பேச வாய் இருக்காது. எது நல்ல மெக்னீசியம் என்பதா கேள்வி? அந்த வீட்டில் யார் ஜெயிப்பது என்பதுதான் கேள்வி.

"உங்குளுதுதானுங்க" என்றார். "மத்ததெல்லாம் தூக்கிப் போட்டுர்றேன்."

எதையும் தூக்கிப் போடவில்லை. மூன்றும் ஒரே சரக்குதானே, கூடினால் குணம் கூடும் என்பது அவர் கணக்கு. தாவூத்தின் அட்டை சட்டைப் பையில். மகளின் பாட்டில் ஃபிரிட்ஜ் மேல். சம்பந்தியின் டப்பா தோட்டத்துக் கொட்டகையில், சாளையில். சரஸ்வதியம்மாள் கண்ணில் பட்டது பாட்டில் ஒன்றுதான்.

"இத்தனை விலையா? தென்னைக்குப் போடற மெக்னீசியம் சல்பேட்டு மூட்டை சாளையில கெடக்குது. அதுல ஒரு கரண்டி கரைச்சுக் குடிச்சாப் போச்சு."

"உனக்கு நான் தென்னை மரமாட்டத் தெரியறனா?"

"மரம் காய்க்குமுங்க."

முதல் வாரம் மீன் துள்ளல் குறைந்தது. தாவூத்திடம் "உன் மாத்திரை ஜோர்" என்றார். மகளிடம் "உன் மாத்திரைதான் கண்ணு". சம்பந்தி ஒரு படி மேலே போனார். காலையில் வீடியோ காலில் கூப்பிடுவார். சாளையில் நின்றபடி ஈஸ்வரமூர்த்தி பொங்கும் டம்ளரைத் தூக்கிக் காட்டிக் குடிக்க வேண்டும். அதைப் பதிவு செய்து, ஆள் சேர்க்கும் கூட்டத்தில் குழந்தைசாமி போட்டுக் காட்டினார். 'எங்க சம்பந்தி. எல்லா மாத்திரையும் நிறுத்திட்டு இது ஒண்ணுதான்.'

இரண்டாவது வாரம் வயிறு ஓட ஆரம்பித்தது.

"கண்டதைத் தின்னீங்களா?" என்றாள் சரஸ்வதியம்மாள்.

"சூடு."

மோரும் கஞ்சியும் கொடுத்தாள். கஞ்சி இறங்கவில்லை. உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. மாத்திரையும் பவுடரும் மட்டும் தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தன. காலையில் வீடியோ கால் வருமே!

நான்காவது நாள் காலை, டம்ளரைக் காட்டிக் குடித்துவிட்டு, வாய்க்கால் மடையைத் திருப்பக் குனிந்தவர் நிமிரவில்லை.

தாவூத்தின் கார்தான் வந்தது. பின் சீட்டில் மனைவி மடியில் தலை. "தூங்காதீங்க, ஏனுங்க, கண்ணைத் தொறங்க!" கொல்லங்கோடு தாண்டும்போது தாவூத் ஆனைமலைக்குப் போன் போட்டார். இவர்களைப் பாலக்காட்டில் எமர்ஜென்சியில் இறக்கிப் பரிசோதனையெல்லாம் முடிவதற்குள் தமிழ்ப்ரியாவும் குழந்தைசாமியும் வந்துவிட்டார்கள்.

"இத்தனை பேர் பற்றில்லா! ஒராள் மதி!" ஒருவர் போதும் என்று நர்ஸ் ஹஸீபா கையை விரித்துத் தடுத்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மானிட்டரில் பச்சைக் கோடு சோம்பலாக ஒரு மேடு ஏறியது. நீண்ட நேரம் சும்மா போனது. பிறகு இன்னொரு மேடு. நாடித்துடிப்பு முப்பத்தெட்டு.

டாக்டர் ஜோஜோ கையில் ரத்த ரிசல்ட். முகத்தில் சிரிப்பு இல்லை.

"கிட்னி மோசம். அன்னைக்கு ரத்தம் குடுக்காமலே போயாச்சு, இல்லியா? சரி, கேளுங்க. இதயத்துல கரண்ட் போற பாதை கெட்டுப்போயிருந்தா, இப்பவே கழுத்து வழியா ஒரு ஒயர் இறக்கணும். அப்புறம் பேஸ்மேக்கர். அது இல்லேன்னா, உள்ளே ஏதோ அதிகமாப் போயிருக்கணும். மெக்னீசியம் ரிசல்ட் வர நேரமாகும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. என்ன சாப்பிட்டார்?"

சரஸ்வதியம்மாள் கணவர் பக்கம் குனிந்தாள். "ஏனுங்க, நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேனுங்க. அந்தத் தென்னை மூட்டைய நெசமாலுமே கரைச்சுக் குடிச்சுட்டீங்களா?"

ஈஸ்வரமூர்த்தி தலையை மெல்ல ஆட்டினார். இல்லை.

"மகள் அனுப்புன கேப்சூலுங்க டாக்டர்" என்றாள். "ராத்திரிக்கு ஒண்ணே ஒண்ணு. நான் பார்த்திருக்கேன்."

"ஒரு கேப்சூலுக்கு இந்தக் கதி வராது."

"அதைச் சாப்பிடறதே இல்லீங்களே!" குழந்தைசாமி முன்னால் வந்தார். "நம்ம பவுடர் ஒண்ணுதானுங்க. வீடியோவே இருக்குது."

"மாமா, இது உங்க கூட்டம் இல்லை, ஆஸ்பத்திரி" என்றாள் தமிழ்ப்ரியா. "அப்பா எனக்கு தினமும் மெசேஜ் போட்டிருக்காங்க, சாப்பிட்டேன்னு."

"ரெண்டும் இல்லை." தாவூத் தொண்டையைச் செருமினார். "என் கடை அட்டை. முந்தாநாள்தான் புது அட்டை வாங்கிட்டுப் போனான்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜோஜோ மூவரையும் விட்டுவிட்டுக் கட்டிலின் மேல் குனிந்தார்.

"சேட்டா. சத்யம் பறயணும். இதுல ஏது? எதைச் சாப்பிட்டீங்க?"

ஈஸ்வரமூர்த்திக்கு எல்லாம் கேட்டது. நாக்குதான் கல்லாகக் கிடந்தது. ஒன்றைச் சொன்னால் போதும். சம்பந்தியின் டப்பா என்றால் மகள் தோற்றுவிடும். கேப்சூல் என்றால் வீடியோ பொய். அட்டை என்றால் இரண்டு பேரும் தப்பிப்பார்கள், பாய் கோபித்துக்கொள்ள மாட்டான். ஒன்றுதான் என்றால் டாக்டர் இதயத்தைச் சந்தேகித்து ஒயர் இறக்குவார். கழுத்தில் ஒயர்தானே, இறக்கட்டுமே. ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தார்.

மானிட்டர் கூவியது. முப்பத்து நான்கு.

மகள் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயிக்கிற முகம் இல்லை. பயந்த முகம்.

"மூணும்" என்றார்.

"என்ன?"

"மூணும்ங்க. எல்லார்த்தும். ஒரு நாளும் விடலை. கேஸ் மாத்திரையும் நிறுத்தலைங்க."

"எண்டம்மே!" ஜோஜோ நிமிர்ந்தார். "ஹஸீபா, கால்சியம்! க்விக்! டயாலிசிஸ்ல சொல்லி வையி. ஒயர் ரெடியா பக்கத்துல இருக்கட்டும், கால்சியத்துக்கு எப்படிக் கேக்குதுன்னு பார்ப்போம்."

ஊசி மெல்ல மெல்ல நரம்பில் இறங்கியது. பச்சைக் கோட்டில் மேடுகள் நெருங்க ஆரம்பித்தன. நாற்பது. நாற்பத்தாறு. ஐம்பத்து மூன்று. ஜோஜோ அப்போதுதான் மூச்சு விட்டார்.

"தாங்க் காட். ஒயர் வேண்டாம். இதயத்துக்கு ஒண்ணும் கேடு இல்லை. மெக்னீசியம் அளவா இருந்தா துடிப்பை ஒழுங்குபடுத்தும். கிட்னி சரியில்லாத ஆளு மூணு மடங்கு முழுங்கி, பேதியில தண்ணியும் போச்சுன்னா, அதே மெக்னீசியம் துடிப்பையே அமுக்கிடும்." மூன்று பேரையும் சுற்றிப் பார்த்தார். "இனிமே ஆருடேயும் வேண்டாம், யார் குடுக்கறதும் வேண்டாம். எந்த மெக்னீசியம், எத்தனைன்னு ரத்தத்தைப் பார்த்து ஒரு ஆள் சொல்லணும். இவருக்கு இப்போதைக்கு ஒண்ணுமே வேண்டாம்."

தாவூத் தலையில் அடித்துக்கொண்டார். "கிட்னி பார்த்தாச்சுன்னு என்கிட்டயே சொன்னான் டாக்டர். சீட்டை வாங்கிப் பார்க்காத நான் ஒரு மடையன்."

குழந்தைசாமி சட்டைப் பையில் போனைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

டயாலிசிஸ் ஒரு தடவையோடு போதும் என்றாகி, வார்டுக்கு மாற்றிய அன்றுதான் தமிழ்ப்ரியா வாயைத் திறந்தாள்.

"ஏனுங்ப்பா, நான் உங்களை ஓட்டுப் போடவா கூப்பிட்டேன்? மாத்திரைதானே குடுத்தேன்?"

"நீ அங்க பொழைக்க வேண்டாமா கண்ணு?"

"அங்க நான் பொழைச்சுக்குவேன். மாமாகிட்ட தினம் சண்டை போடறேன், தினம் அவருக்கு நான்தான் காப்பி போடறேன். ரெண்டும் நடக்குது. நீங்க நடுவுல வந்து சாகப் பார்க்கறீங்க."

"நல்லாக் கேளு" என்றாள் சரஸ்வதியம்மாள். "முப்பத்தஞ்சு வருசமா இவரைப் பொய் சொல்லத் தெரியாத மனுசன்னு நெனைச்சுட்டிருந்தேன். மூணு பேர்த்துக்கு மூணு பொய், ஒண்ணோட ஒண்ணு இடிக்காம! கெட்டிக்காரருங்க."

வீடு திரும்பி ஒரு வாரம் கழித்துக் குழந்தைசாமி வந்தார். மருமகளும் கூட வந்தாள். நோயாளியைப் பார்க்க வருவது முறை. முறையை விட்டுக் கொடுக்கிறவர் இல்லை அவர். விறைப்பாக நாற்காலியில் உட்கார்ந்தார். மழை, தேங்காய் விலை, சிவப்பிரகாஷின் வேலை எல்லாம் பேசினார்கள். ஆஸ்பத்திரியைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. காப்பி வந்தது. குடித்து முடித்தபின் குழந்தைசாமி பைக்குள் கை விட்டார்.

வெள்ளி நிறத்தில் ஒரு டப்பா.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. அந்தப் பவுடரை நான் இப்ப யாருக்குமே குடுக்கறதில்லீங்க. வீடியோவையும் அழிச்சுட்டேன். இது வேற. கிட்னிக்குன்னே வந்திருக்குது. வெறும் மூலிகை."

சரஸ்வதியம்மாள் கணவரைப் பார்த்தாள். ஈஸ்வரமூர்த்தியின் கை வழக்கம்போல் பாதி தூரம் நீண்டது. பிறகு மடியில் இறங்கியது.

"வேண்டாமுங்க."

குழந்தைசாமி புருவத்தைத் தூக்கினார். "டாக்டர் வேண்டாமுன்னாருங்களா?"

"டாக்டரைக் கேக்கலீங்க. நான்தான் வேண்டாமுங்கறேன்."

"எம்மருமக சொல்லிக் குடுத்துதா?"

"இல்லீங்க. அதுவே இப்ப எதையாச்சும் கொண்டாந்து நீட்டினாலும் இதேதான் சொல்லுவேன்."

குழந்தைசாமி டப்பாவைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டினார். கோபம் வரும் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் மருமகளைப் பார்த்தார்.

மடியில் கிடந்த தன் கைப்பையின் ஜிப்பைத் தமிழ்ப்ரியா சத்தமில்லாமல் இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அதுல என்ன அம்முணி?" என்றார் குழந்தைசாமி.

"மீன் எண்ணெய் மாத்திரைங்க மாமா" என்றாள்.