ஐம்பது முட்டை நேர்த்திக்கடன்

ஐம்பது முட்டைகளை அவித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டு, பென்ஸ்ரீ காலை ஏழு மணிக்கே மருத்துவமனை வாசலில் பேருந்தை விட்டு இறங்கினாள். வளாகத்துக் காவல் தெய்வத்துக்கு அவள் நேர்ந்துகொண்டது. பதினோரு மாதமாகக் குழந்தைகளின் மூளைக் கட்டித் துணுக்குகள் அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு வந்தன. ஒன்றுகூட வளர்ப்புத் தட்டில் பிழைக்கவில்லை. அவள் தேடியது கட்டிக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் ஸ்டெம் செல்லை. மருந்துக்கு மற்ற செல்லெல்லாம் செத்தாலும் அது பதுங்கிக் கிடந்து, ஒற்றை ஆளாக மறுபடியும் முழுக் கட்டியை எழுப்பிவிடும். அதை வளர்த்தால்தான் அதைக் கொல்லும் மருந்தைத் தேடலாம். மாற்றிப் பார்க்காத ஊட்டநீர் இல்லை. கடைசியில் போய் வேண்டிக்கொண்டாள், ஒன்றாவது வளரட்டும் என்று.

வளர்ந்தது. நாற்பத்தொன்று என்று எண் போட்ட தட்டில், மூன்றாம் வாரம் செல்கள் உருண்டை உருண்டையாக மிதந்தன. ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் சோம்கித் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"உன் தெய்வம் கோவிச்சுக்கறதுக்குள்ள முட்டையக் குடுத்துடு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "இவ்வளவு சுலபமா வளர்ற கட்டி பெரும்பாலும் திரும்பி வந்துடும். எந்தப் புள்ளையோ, பாவம்" என்றார்.

ஆய்வுக்கூடத்துக்கு நோயாளியின் பெயர் வராது. வயதும் அறுவை நடந்த தேதியும்தான் வரும். பென்ஸ்ரீக்கு அது ஒரு நிம்மதி.

இப்போது சன்னதியில் ஒரு பெண் ஏற்கெனவே மண்டியிட்டிருந்தாள். கூடையைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"அடேயப்பா! என்னக்கா, லாட்டரி விழுந்துடுச்சா?"

"இல்லம்மா. வேலையில ஒண்ணு கேட்டேன். கெடைச்சுது."

"கேட்டதக் குடுக்குது பாருங்க. நான் நூறு சொல்லியிருக்கேன்." அவள் பெயர் மாலிவான், ஊர் உதோன்தானி. "எம் பொண்ணு தாவ், ஆறு வயசு. பின்மண்டையில கட்டி. சொங்க்ரான் புத்தாண்டுக்கு முந்தின நாள் ஆபரேஷன். நாளைலேர்ந்து கதிர் சிகிச்சை குடுக்கறாங்க."

சொங்க்ரான் விடுமுறைக்கு முந்தின நாள் வந்தது ஒரே துணுக்குதான், நாற்பத்தொன்று. ஆறு வயது. பனிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் பென்ஸ்ரீதான். சொல்லலாமா? சொல்லி என்ன ஆகப்போகிறது? டாக்டரே 'பெரும்பாலும்' என்றுதான் சொன்னார். அந்தக் கட்டி வளரட்டும் என்று தான் கேட்டதுதான் முதலில் பலித்தது என்று நினைத்தபோது அவளுக்குத் தாங்க முடியாத வெட்கமாக இருந்தது.

பென்ஸ்ரீ முட்டைகளைப் படைத்து ஏற்றிய ஊதுபத்தி எரிந்து முடிந்தது; இனிப் படையலை எடுத்துக்கொள்ளலாம். மாலிவான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஒரு முட்டை தருவீங்களாக்கா? வேண்டுதல் பலிச்சவங்க கையால வாங்கினா நல்லது. ரெண்டு குடுத்தாலும் சரி. அவ மஞ்சக்கரு மட்டுந்தான் தின்னுவா."

பென்ஸ்ரீ நான்கு முட்டைகளை எடுத்துக் கொடுத்தாள்.

"எனக்காக ஒரு வார்த்தை கேளுங்கக்கா. நீங்க சொன்னாக் கேக்குது."

மறுக்க முடியவில்லை. பென்ஸ்ரீ புது ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு மண்டியிட்டாள். யாருக்காக வேண்டுகிறோம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நாற்பத்தொன்று என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, "தாவ், ஆறு வயசு" என்று சத்தமாகச் சொன்னாள். பக்கத்தில் மாலிவான், மஞ்சள் கரு உடையாமல், ஒரு முட்டையை மெல்லப் பிட்டுக்கொண்டிருந்தாள்.