நிறம் வராத படம்

பரீனா மச்சி வீடியோ கசட்டை டெக்குக்குள் தள்ளிவிட்டுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். டீவியில் முதலில் உப்பைக் கொட்டியது போல வெள்ளைப் புள்ளிகள் இரைந்தன. பிறகு கோடு கோடாக இழுத்தது. கோடுகள் அடங்கியபோது ஒரு தகரச் சுவரும், அதன் முன்னால் ஒரு நாற்காலியும், நாற்காலியில் என் மச்சான் மீராமுகைதீனும் தெரிந்தார்கள். மச்சான் மெலிந்திருந்தார். சட்டைக் கழுத்துக்குள் ஒரு கை நுழையும் போல இருந்தது. ஆனால் நிறம் வரவில்லை. சுவர், சட்டை, முகம் எல்லாமே சாம்பல்.

"கலர் டீவிதானே புள்ள இது. என்ன கறுப்பும் வெள்ளையுமா இரிக்கி?" என்று கேட்டார் ஸைனம்பு மாமி. அவர் மச்சானைப் பெற்ற உம்மா. மகனைப் பார்ப்பதற்காகக் காலையிலேயே பாலமுனையிலிருந்து பஸ் ஏறி மருதமுனைக்கு வந்திருந்தார்.

"சவூதியில புடிச்ச கசட் மாமி. அங்கத்த கசட்டுக்கு இஞ்ச நிறம் வராதெண்டு எங்கட ஆள் செல்லுவார்," என்றாள் பரீனா மச்சி. அவளுடைய கணவர் குவைத்திலிருந்து கொண்டுவந்த டீவியும் டெக்கும்தான் எங்கள் தெருவுக்கு முதலில் வந்தவை. ஆண்கள் கடைக்கும் கடலுக்கும் போன பிறகு, மதிய லுஹர் தொழுகை முடிந்த கையோடு, தெருப் பெண்கள் அவளுடைய வீட்டு மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்து படம் பார்ப்போம். அவளே கசட் போடுவாள், அவளே திருப்பிச் சுற்றுவாள்.

என் பக்கத்தில் ராத்தா உட்கார்ந்திருந்தாள். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். பெயர் நாச்சியா. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. காது போனதால் பேச்சும் வரவில்லை. மடியில் அவளுடைய மூன்று வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மச்சான் சவூதிக்குப் போனபோது அவள் தவழக்கூடத் தொடங்கியிருக்கவில்லை.

ராத்தாவுக்கும் மச்சானுக்கும் கல்யாணம் எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மச்சான் பாலமுனை வயல்களில் உழவு மெஷின் ஓட்டியவர். மெஷின் இரைச்சலில் யாருக்கும் யாரும் கதைப்பது கேட்காது. வரம்பில் நிற்பவனுக்கு எதைச் சொல்வதானாலும் கையால்தான் சொல்ல வேண்டும். கல்யாணம் முடிந்த கிழமையே அவரும் ராத்தாவும் கிணற்றடியில் நின்று கையால் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். எங்களுக்கும் ராத்தாவுக்கும் இடையில் இருந்தவை பசி, தண்ணீர், வா, போ என்ற மாதிரிக் கொஞ்சச் சைகைகள்தான். நான் மட்டும் அதற்கு மேல் கொஞ்சம் அறிவேன். அவர்கள் இரண்டு பேரும் ஒரு வருசத்துக்குள் முழுப் பாஷையே உண்டாக்கிவிட்டார்கள். ஊர் மட்டும் வேறு கதை கதைத்தது. ஊமைப் பெண்ணைச் சீதனமாக வரும் வீடு வளவுக்காகக் கல்யாணம் முடித்தான், கையில் நாலு காசு சேர்ந்தால் வேறு பெண் பார்ப்பான் என்றது. அவர் சவூதிக்குப் போனதும் அந்தக் கதை பெருத்தது. மற்றப் பெண்களின் கணவன்மார் தங்கள் குரலைப் பதிந்து கசட் அனுப்புவார்கள். மச்சானும் அனுப்பினார். உம்மாவும் நானும் றேடியோவைச் சுற்றியிருந்து கேட்போம். ராத்தா றேடியோவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருப்பாள். அதிர்வு மட்டும் கைக்கு வரும்.

இந்த வீடியோ கசட்டைக் கொண்டுவந்தவர், நாங்கள் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் அப்துல் ஸமட் காக்கா. மச்சானோடு ஒரே கம்பனியில் வேலை செய்து லீவில் வந்தவர். அங்கே ஒரு என்ஜினியர் புதிதாகக் கமரா வாங்கி, அது நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்க்க வேலையாட்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பிடித்தாராம். கேட்டவர்களுக்குக் கசட்டையும் கொடுத்தாராம்.

படத்தைப் பற்றி அந்த நாளில் எனக்கிருந்த எண்ணத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்குப் படம் என்றால் பாட்டும் வசனமும்தான். கல்முனைத் தியேட்டரில் பார்த்த படங்களை வீட்டுக்கு வந்து வரி பிசகாமல் சொல்லுவேன். பரீனா மச்சி வீட்டில் ராத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இவன் அவளை ஏமாற்றுகிறான், இவள் உண்மையில் அவனுடைய தங்கச்சி என்று கையாலும் வாயாலும் விளங்கப்படுத்துவேன். பாவம், ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்கு இரக்கம். அவள் என் கையைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்த பிறகு சமைத்துக்கொண்டே அவள் எனக்கு நடித்துக் காட்டுவதெல்லாம் நான் கண்டிராத காட்சிகளாக இருக்கும். கதாநாயகி அழுதுகொண்டிருந்தபோது பின்னால் ஒரு வேலைக்காரி நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாளாம். கோபமாகக் கத்திய தகப்பன், கத்தும்போதே மகனின் சட்டையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டானாம். 'வடிவு', அழகு என்பதற்கு அவள் கன்னத்தில் விரல் நுனியால் ஒரு வட்டம் போடுவாள். படத்தில் என்ன வடிவு என்று கேட்டால் அந்த நாற்காலியையும் நூலையும் காட்டி வட்டம் போடுவாள். நான் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன்.

திரையில் மச்சான் தொண்டையைச் செருமினார். "அஸ்ஸலாமு அலைக்கும்," என்றார். குரலைக் கேட்டதும் மாமி முக்காட்டால் கண்ணைப் பொத்திக்கொண்டார். "உம்மா, நான் நல்லா இரிக்கன். சாப்பாடெல்லாம் நல்லம். வேல லேசி. மாமி," என்று என் உம்மாவை விசாரித்தார், "ஒங்கட கால் நோவு எப்படி? மகளுக்கு எண்ட முத்தம். றாஹிலாக்குச் சலாம். பக்கத்தூட்டு ஆக்களெல்லாருக்கும் சலாம் செல்லுங்க. கம்பனியில இன்னொரு அக்ரிமெண்டுக்குக் கேக்காங்க. பாப்பம், அல்லாஹ் நாடினா. எல்லாரும் எனக்காக துஆச் செய்ங்க." நடுநடுவே பேச்சை நிறுத்தினார். ஒரு தடவை நீண்ட நேரம் ஒன்றுமே சொல்லாமல் கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவர் போல் தொடர்ந்தார். திரும்பவும் ஒரு சலாம், அதோடு படம் முடிந்து வெள்ளைப் புள்ளிகள் இரைந்தன.

உம்மா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். றாஹிலா என்று என் பேருக்கும், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கூடச் சலாம் வந்துவிட்டது. ராத்தாவின் பேரை மச்சான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மாமிதான் வாய் திறந்தார். "பெத்தவ எனக்கு வெக்கமா இரிக்கி," என்றார் உம்மாவிடம். "கட்டினவள ஒரு சொல்லுக் கேக்கல்லயே அவன். காது கேளாட்டியும் பேரச் செல்லலாமே. நான் இப்படி வளக்கல்ல அவன."

உம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் கதைத்ததெல்லாம் அவள் முகத்தில் வந்து நின்றது. பரீனா மச்சி தேத்தண்ணி போடுவதாகச் சொல்லி எழும்பி, மாமியையும் உம்மாவையும் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

நான் ராத்தாவைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன். பார்த்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வெளியே தெரியக் கூடாதென்று முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்திருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். அவளுக்கு விசயம் விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று கையைத் தூக்கினேன். அவள் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, குழந்தையைப் பாயில் கிடத்தினாள். டெக்கைக் காட்டி, விரலைச் சுழற்றினாள். திரும்பப் போடு.

பரீனா மச்சி வந்து கசட்டைத் திருப்பிச் சுற்றிப் போட்டுவிட்டுப் போனாள். மச்சான் மறுபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ராத்தா எனக்குப் பின்னால் முட்டுக்காலில் நின்று, தன் இரண்டு உள்ளங்கைகளாலும் என் காதுகளைப் பொத்தினாள்.

மச்சானின் வாய் அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடலுக்கடியில் இருப்பது போல ஓர் இரைச்சல் மட்டும். வாயைப் பார்த்துப் பயனில்லை என்று ஆன பிறகுதான் என் கண் கீழே இறங்கியது. மடியில் கிடந்த அவருடைய கைகள் சும்மா இருக்கவில்லை.

சலாம் சொல்லும் முன்பே வலது கை எழும்பி முகவாயை, நாடியைத் தொட்டது. ராத்தாவின் நாடியில் ஒரு மச்சம் உண்டு. அவர்கள் பாஷையில் அதுதான் அவளுடைய பேர். தன் உம்மாவுக்கு ஒரு சொல், பிறகு நாடி. என் உம்மாவுக்கு ஒரு சொல், பிறகு நாடி. முதல் தடவை பார்த்தபோது தாடியைத் தடவுகிறார் என்று நினைத்திருந்தேன். சாப்பாடு நல்லம் என்று வாய் சொன்ன இடத்தில் விரல்கள் சோற்றைப் பிசைந்து, பிடிக்காதது போல உதறின. வேலை லேசு என்ற இடத்தில் இடது கை தோளை அழுத்தி, மெல்ல வழுக்கி விழுந்தது. மூக்கைக் கிள்ளி, உயரத்தைக் கையால் அளந்து காட்டினார். மகள் எவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்று கேட்கிறார். அதற்குப் பிறகுதான் அவர் பேசாமல் இருந்த அந்த நீண்ட இடம் வந்தது. என் காதிலிருந்து ஒரு கை விலகியது. எனக்குப் பின்னால் ராத்தா மகளின் உயரத்தைத் தன் தொடையில் அளந்து காட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காட்டி முடித்து, கையைத் திரும்ப என் காதில் வைத்த பிறகு, அவர் தலையை ஆட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

அவர் வேண்டுமென்றே நேரம் விட்டிருக்கிறார். எத்தனையோ மாதங்களுக்கு முன்னால், பாலைவனத்தில் ஒரு தகரச் சுவரின் முன்னால் உட்கார்ந்து, மருதமுனையில் எப்போதோ வரப்போகும் ஒரு பதிலுக்காக.

அக்ரிமெண்டைப் பற்றிச் சொன்ன இடத்தில் அவருடைய கை அரிவாளைப் பிடித்து இரண்டு வீச்சு வீசியது. பிறகு விரித்த உள்ளங்கை விமானம் போல மேலிருந்து சரிந்து மடியில் இறங்கியது. வெள்ளாமை வெட்டுக்கு வருகிறேன். நான் துள்ளித் திரும்பினேன். ராத்தா ஓம் என்று கண்ணை மூடித் திறந்தாள். அதற்குப் பிறகு மச்சானின் கைகள் எனக்குத் தெரியாத எதையோ சின்னச் சின்னதாகச் சொல்லத் தொடங்கின. உடனே ராத்தாவின் உள்ளங்கைகள் என் காதிலிருந்து இறங்கிக் கண்களைப் பொத்திவிட்டன. காது திறந்த எனக்கு, "எல்லாரும் எனக்காக துஆச் செய்ங்க," என்ற குரல் மட்டும் கேட்டது.

மாமியைக் கூட்டிவந்து மூன்றாம் தடவை போட்டோம். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று, மச்சானின் கை எழும்பும் ஒவ்வொரு முறையும், "மாமி, பாருங்க. நாடியத் தொடுறார். அது ராத்தாட பேர்," என்றேன்.

மாமி முதலில் நம்பவில்லை. பிறகு அவராகவே எண்ணத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் எண்ணுவதை விட்டுவிட்டு டீவிக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தார். "கதையெல்லாம் அவளோடதான் கதைச்சிரிக்கான். நாமதான் இடையில இரிந்து கேட்டிரிக்கம்," என்றார். ராத்தாவை இழுத்து அவள் நாடியில் முத்தமிட்டுக் கொஞ்சினார். உம்மா சுவரில் சாய்ந்து, அல்ஹம்துலில்லாஹ் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். அரிவாளையும் விமானத்தையும் பற்றி நான் மூச்சுவிடவில்லை. ராத்தா தடுத்துவிட்டாள். வராமற் போனால் உம்மா தாங்கமாட்டாள் என்று காட்டினாள்.

படம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி அத்தனை வருசமும் நான் போய்ப் படம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு எத்தனையோ படங்கள் பார்த்துவிட்டேன். வண்ணம் கொழித்தவை, வெளிநாட்டில் எடுத்தவை. அந்தச் சாம்பல் படத்துக்கு நிறம் வந்திருந்தால் நாங்கள் சட்டையின் நிறத்தைப் பற்றித்தான் கதைத்திருப்போமோ என்னவோ. பார்க்கிறவருக்கென்று கொஞ்சம் இடம் விட்டுவைத்த படம் எதுவானாலும் எனக்கு வடிவாகவே படுகிறது. இந்தக் கண்ணை எனக்குத் தந்தவள் ராத்தா. அதற்கு நன்றி சொல்ல அவளுடைய பாஷையில் நெஞ்சில் கை வைத்தால் போதும். நான் வைக்கும்போதெல்லாம் என்னத்துக்கு என்று கேட்பாள்.

மச்சான் வந்தார். அதற்குள் வெள்ளாமை பாதி வெட்டியாகியிருந்தது. ஒரு காலையில் கல்முனையிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கினார். உம்மா கையிலிருந்த சுளகைப் போட்டுவிட்டாள். மகள் அவரைக் கண்டு பயந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். அவர் மூக்கைக் கிள்ளிக் காட்டியதும், அது தன் பேர் என்று தெரிந்து எட்டிப் பார்த்தாள். அதன் பிறகு அவரை விடவில்லை.

லீவு முடிய இருந்த கிழமையில், ஒரு பின்னேரம் பரீனா மச்சியின் டீவியையும் டெக்கையும் எங்கள் வீட்டுக்கே எடுத்துவந்து படம் போட்டோம். நல்ல கலர்ப் படம். அசர் நேரத்துச் சாய்ந்த வெயில் யன்னலால் வராமல் உம்மா புடவை கட்டி மறைத்திருந்தாள். மச்சானும் ராத்தாவும் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். கம்பனிக்காரன் திரும்ப வரச் சொல்லியிருக்கிறான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போவாரா, நிற்பாரா என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

நடுவில் ஒரு பாட்டு வந்தது. நான் தற்செயலாகத் திரும்பினேன். திரையின் வெளிச்சம் நீலமும் சிவப்புமாக மாறி மாறிச் சுவரோரம் விழ, நான்கு கைகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. ஒரு கை கேட்க, மற்றக் கை யோசித்து நின்றது. ராத்தாவின் விரல்கள் விரிந்து எழும்பின. மச்சான் அவற்றைப் பிடித்துத் தாழ்த்தாமல், அவள் முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு கணம் பார்த்திருந்தால் எனக்கு விசயம் தெரிந்திருக்கும்.

அது அவர்கள் இரண்டு பேருக்குமான கதை என்று நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. பாடுகிறவர்களுக்கு வெகு பின்னால், வாசலில், யாரோ ஒரு பெண் காயப்போட்ட நெல்லைப் பாயோடு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு முனையை இழுத்துவிட்டு, மறு முனைக்கு ஓடினாள்.