மூன்றாவது நிபந்தனை

மூன்றாவது நிபந்தனையை எழுதியவள் நான்தான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

தொழுநோய் குணமான பெண்களுக்குத் தங்க ஓர் இடமும் பிழைக்க ஒரு தொழிலும் வேண்டும் என்று, காரைக்காலில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். "சும்மா ரூம் கொடுத்தா உட்கார்ந்தே சாப்பிடுவாங்களேம்மா" என்றார் ஓர் அதிகாரி. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேஜையிலேயே மனுவில் மூன்றாவது நிபந்தனையாகச் சேர்த்து எழுதினேன்: வேலை கிடைத்தவர் மூன்று மாதத்தில் அறையைக் காலி செய்ய வேண்டும். உடனே கையெழுத்து விழுந்தது. பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

1976இல் ஆறு அறைகளோடு இல்லம் திறந்தது. நாலாம் அறைக்குச் சொர்ணாம்பாள் வந்தாள். நாற்பது வயது. நோய் தெரிந்ததும் புருஷன் வீட்டில் துரத்திவிட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. சாவியைக் கொடுத்த அன்று கதவைத் தாழ் போடுவதும் திறப்பதுமாகவே இருந்தாள்.

"என்ன பண்றே?"

"உள்ளேருந்து தாழ் போட்டு எத்தனை வருஷம் ஆச்சுங்க டீச்சர்!"

அவளுக்குச் சாக்கு தைக்கப் பழக்கினேன். விரலில் உணர்ச்சி கிடையாது; கோணி ஊசி ஏறினாலும் தெரியாது. அதனால் பத்துத் தையலுக்கு ஒருமுறை நிறுத்தி விரலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வாய்விட்டு எண்ணிக்கொண்டே தைப்பாள். நீலகண்டன் தன் ரைஸ் மில்லில் அவளைச் சேர்த்துக்கொண்டபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மூன்று மாதம் முடிவதற்குள் என் முன்னால் வந்து நின்றாள்.

"வேலையை விட்டுட்டேங்க டீச்சர். இனிமே ரூம்ல இருந்துக்கலாம்ல?"

கையைப் பார்த்ததுமே வீடு இல்லை என்கிறார்களாம். ஏழு தெரு அலைந்தாளாம். அழுதுகொண்டே சொன்னாள். நான் காதில் வாங்கினேனா? "உன்னைக் காட்டித்தானே அடுத்த இல்லம் கேட்டிருக்கேன், என் மானத்தை வாங்குறியே!" என்று கத்தினேன். மறுநாள் நீலகண்டனிடம் கெஞ்சி அவளைத் திரும்ப வேலையில் சேர்த்தேன். கெடு முடிந்த அன்று அறைச் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

கிளிஞ்சல்மேட்டில், வலை போட்டு வைக்கும் பழைய கொட்டகை ஒன்றில் அவள் ஒண்டிக்கொண்டாள். 77 நவம்பரில் புயல் அடித்தது. காற்று விட்டதும் ஓடினேன். கொட்டகைச் சுவர் அவள் மேல் விழுந்திருந்தது. வெளியே எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அவள் விரல்களைப் பார்த்தேன். ஊசி குத்திய தழும்பு ஒன்றுகூட இல்லை. பாவி நான், அங்கேயே உட்கார்ந்து கதறினேன்.

இல்லத்தில் ஓர் ஓடுகூடப் பறக்கவில்லை. நாலாம் அறை பூட்டிக் கிடந்தது, காலியாக. சாவி என் பையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த நிபந்தனையின் பேரில் ஒருத்தியையும் நான் வெளியே அனுப்பியதில்லை. காகிதத்தில் மட்டும் அது அப்படியே கிடந்தது. 1985இல் புதுச்சேரியில் ஒரு கூட்டம். மற்ற ஊர்களிலும் இதே மாதிரி இல்லம் கட்டப்போகிறார்கள். அதே அதிகாரி, இப்போது பெரிய பதவியில். "இசபெல்லாம்மா திட்டத்துலேயே அருமையான விஷயம் இந்த மூணாவதுதான்" என்று என்னைக் கைகாட்டிச் சொல்லிவிட்டு, அதை வாசித்துக் காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் எழுந்தேன். "அதை அடிச்சிடுங்க சார். வேலைக்குப் போறவளுக்கும் வீடு வேணும்."

"அப்படின்னா அவங்க எப்பத்தாம்மா காலி பண்ணுவாங்க?"

"சொர்ணாம்பாள் சொன்ன தேதிக்கே காலி பண்ணிட்டா சார்" என்றேன்.

அது யார் என்று அவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை.